காற்றுக்குழாயின் மறுமுனை

புதன்கிழமை மதியத்துக்குள் டாக்டர் ஆமோஸ் பதினொரு பேரைப் பார்த்து முடித்திருந்தார். சுரங்க ஆட்கள் உடை மாற்றும் கொட்டகைதான் இப்போது ஆஸ்பத்திரி. ஆணிகளில் தொங்கிய ஈரச் சட்டைகளுக்குக் கீழே, பெஞ்சுகளிலும் தரையிலும் ஆட்கள் கிடந்தார்கள். சிலர் வாந்தி எடுத்தார்கள். சிலர் தலையைப் பிடித்துக்கொண்டு முனகினார்கள். எல்லோரும் பக்கத்துச் சுரங்கமான புளூபெல் வழியாகத் தண்ணீர்க் குழாயை இழுத்துப் போய்த் தீயோடு மல்லுக்கட்டிவிட்டு, புகை தாங்காமல் கால் துவண்டு விழுந்தவர்கள்.

தீ பிடித்தது லேடி எலன் சுரங்கத்தில். செவ்வாய்க்கிழமை காலை, முந்நூறடி ஆழத்தில், யாரோ அணைக்காமல் விட்ட மெழுகுவத்தியிலிருந்து முட்டுக் கட்டைகளில் பற்றிக்கொண்டது. முப்பது பேர் மேலே வந்துவிட்டார்கள். இரண்டு பிணங்களைக் கொண்டுவந்தார்கள். ஐந்து பேர் தீக்கும் கீழே, ஐந்நூறடி மட்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

ஆமோஸ் மொன்டானா மலையில் இந்தக் கேல்டர் ஊருக்கு வந்து ஆறு வருஷம். ஊருக்கு ஒரே டாக்டர். எலும்பு கட்டுவதும் பல் பிடுங்குவதும் பிரசவம் பார்ப்பதும் அவர்தான். ஒரு கோவேறு கழுதையின் சொந்தக்காரன் வாசலை விட்டு நகராததால் அதற்கு வயிற்றைத் தைத்துவிட்டதும் உண்டு. ஆனால் அன்று மதியம் மேனேஜர் லாக்வுட் கையில் ஒரு காகிதத்தோடு வந்து கேட்டதை, அதற்குமுன் யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"இதுல ஒரு கையெழுத்து போடுங்க டாக்டர்" என்றார் லாக்வுட். முந்தின நாளிலிருந்து தூங்காத கண்கள். "கீழ இருக்கிற அஞ்சு பேரும் உயிரோட இருக்க வாய்ப்பில்லன்னு எழுதியிருக்கு. நீங்க போட்டாத்தான் ஆளுங்க குழிவாய மூட விடுவாங்க. பலகை போட்டு, களிமண் அப்பிட்டா ரெண்டு நாள்ல தீ தானா மூச்சடைச்சுச் செத்துரும்."

"உயிரோட இருந்தா?"

"அந்த ரெண்டு பொணத்தையும் நீங்கதான பாத்தீங்க. மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

ஆமோஸ் பார்த்திருந்தார். செத்த முகங்கள்போல வெளுத்திருக்கவில்லை. வெயிலில் ஓடியாடி விளையாடிவிட்டு வந்தவர்களைப்போலச் சிவந்திருந்தன. அந்தப் புகையில் உள்ள வாயு அப்படித்தான் கொல்லும். நாலு முறை இழுத்து மூச்சுவிட்டால் போதும்.

"அவங்க முந்நூறடில இருந்தவங்க. இவங்க அதுக்கும் கீழ" என்றார்.

"புளூபெல்ல வெடிமருந்து அறை இருக்கு. தீ அதுக்கு இன்னும் எண்பதடிகூட இல்ல. கீகனோட ஆளுங்க இருபது பேரு நடுவுல நின்னு தண்ணி அடிச்சுட்டு இருக்காங்க. அது வெடிச்சா இருபது பேரும் போயிருவாங்க. நான் என்ன கல் நெஞ்சுக்காரனா? நீங்களே சொல்லுங்க."

லாக்வுட் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் ஆமோஸுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். கையெழுத்துப் போடவில்லை. "ஒரு மணி நேரம் குடுங்க" என்றார்.

வெளியே குழிவாயைச் சுற்றி ஆட்கள் கைகோத்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள். குழியிலிருந்து கறுப்புப் புகை அவசரமே இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. ஆமோஸைப் பார்த்ததும் இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் முன்னால் வந்தார்கள்.

ஒருத்தி லவ்டே ட்ரெகியர். அவள் கணவன் ஜோசய்யா கீழே இருக்கும் ஐவரில் ஒருவன். இன்னொருத்தி ஹனோரா கீகன். அவள் கணவன் மார்ட்டின்தான் தண்ணீர் அடிக்கும் ஆட்களுக்குத் தலைவன். இருவரும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்.

"கையெழுத்து போட்டுட்டீங்களா?" என்று லவ்டே கேட்டாள்.

"இல்லம்மா."

"போட்டுறாதீங்க டாக்டர். எம் புருசன் இருபது வருசமா குழிக்குள்ள இறங்குறவரு. புகை வந்தா எங்க ஒதுங்கணும்னு அவருக்குத் தெரியும்."

ஹனோரா அவள் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டரின் முகத்தையே பார்த்தாள். "என் ஆளு ரெண்டு தடவ விழுந்து எந்திரிச்சுட்டாரு. நீங்கதான தூக்கி உட்கார வெச்சீங்க. எம் புருசன் உயிரோட இருக்காரு டாக்டர். அது நிச்சயம். அவளோட ஆளு இருக்காரா இல்லையான்னு யாருக்குமே தெரியாது. இருக்கிறத எரிச்சு இல்லாததத் தேடணுமா?"

"நோரா, நீயா இப்படிப் பேசுற?" என்றாள் லவ்டே.

"ஆமா, நான்தான் பேசுறேன். என் இடத்துல நின்னா நீயும் இதையேதான் பேசுவ."

ஆமோஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எந்திர அறைக்கு நடந்தார்.

அங்கே எந்திரக்காரர் புரோபர்ட் காற்று எந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். பாறையில் துளை போடும் கருவிகளுக்கு இங்கிருந்துதான் இரும்புக் குழாய் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்புவார்கள். அந்தக் குழாய் குழிக்குள் இறங்கி ஐந்நூறடி மட்டம்வரை போயிற்று. மறுமுனையில் ஒரு வால்வு. அதைத் திறந்தால் கீழே நல்ல காற்று வரும்.

"இத நிறுத்தச் சொல்லி மேனேஜர் மூணு தடவ ஆள் அனுப்பிட்டாரு" என்றார் புரோபர்ட். அறுபது வயது, ஒரு காது மந்தம். யாரிடமும் சத்தமாகத்தான் பேசுவார். "குழாய் தீயில வெந்து நடுவுல உடைஞ்சிருந்தா, நான் அனுப்புற காத்து தீயத்தான் ஊதி வளக்குதுங்கிறாரு. உடையலன்னா? அந்தப் பசங்க இதத்தான் குடிச்சுட்டு இருப்பாங்க. அதான் எனக்குக் காது சுத்தமா கேக்கலன்னு சொல்லிட்டேன்."

"கீழ உயிரோட இருந்தா குழாயத் தட்டுவாங்க இல்லையா?"

"தட்டுவாங்க. ஆனா எந்திரம் ஓடுற சத்தத்துல ஒண்ணும் கேக்காது. நிறுத்தினாத்தான் கேக்கும்."

நிறுத்தினால், கீழே இருப்பவர்களுக்கு மூச்சு நிற்கும்.

"எத்தன நிமிசம் தாங்குவாங்க டாக்டரே? அத நீங்கதான் சொல்லணும்."

எந்தப் புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை. எவ்வளவு பெரிய அறையில் ஒதுங்கியிருக்கிறார்கள், புகை எவ்வளவு கசிகிறது, எதுவும் தெரியாது. "நாலு நிமிசம்" என்றார் ஆமோஸ்.

லாக்வுட்டையும் கூப்பிட்டார்கள். எந்திரம் நின்றதும் அறையே வேறு இடம்போல ஆகிவிட்டது. ஆமோஸ் மண்டியிட்டு ஸ்டெதாஸ்கோப்பைக் குழாயில் வைத்து இரும்போடு ஒட்டிக் கேட்டார். கேட்டது. டிக். கொஞ்சம் பொறுத்து டிக், டிக். பிறகு நீண்ட மௌனம். மறுபடி ஒரு டிக். அவர் மனசு துள்ளியது. கருவியை லாக்வுட்டிடம் கொடுத்தார்.

லாக்வுட் ஒரு நிமிடம் கேட்டார். "இது இரும்பு சூட்டுல விரியுற சத்தம். எங்க வீட்டு அடுப்புகூட இப்படித்தான் சத்தம் போடும்" என்றார்.

மறுபடி கேட்டபோது ஆமோஸுக்கும் அப்படித்தான் பட்டது. கணக்கில்லை, ஒழுங்கில்லை. மனிதன் தட்டினால் எண்ணித் தட்டுவான். நாலு நிமிடம் முடிந்தது. புரோபர்ட் மறுபடி எந்திரத்தை ஓட்டினார்.

"இப்பவாவது எழுதுவீங்களா?" லாக்வுட் கேட்டார்.

"செத்துட்டாங்கன்னு எனக்குத் தெரியாது."

"உயிரோட இருக்காங்கன்னு தெரியுமா?"

"அதுவும் தெரியாது."

"அப்ப எனக்கு வேற வழியில்ல. ரயில்வே டாக்டருக்குத் தந்தி அடிச்சுட்டேன். நாலு மணி வண்டில வர்றாரு. அவரு கையெழுத்தப் போட்டுருவாரு." லாக்வுட் குரலில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது. "நீங்க நல்லவரா இருக்கிறதுக்கு இருபது பேரு உயிர விலையாக் குடுக்க என்னால முடியாது."

அந்த ரயில்வே டாக்டரை ஆமோஸுக்குத் தெரியும். மேலதிகாரி நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர். மணி இரண்டரை.

கொட்டகைக்குத் திரும்பியபோது மார்ட்டின் கீகனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மூன்றாவது முறை. தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியதும் கண்ணைத் திறந்து சிரித்தான். சிவந்த மீசை கரியில் கறுத்துப்போயிருந்தது.

"என்ன டாக்டர், எனக்கும் காகிதம் எழுதிட்டீங்களா?"

"வாய மூடிட்டுப் படு." ஆமோஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி தாறுமாறாக ஓடியது. இடையிடையே ஒரு துடிப்பு விட்டுப்போயிற்று. "மார்ட்டின், இதுக்கு மேல நீ கீழ போகக்கூடாது. இது வேடிக்கை இல்ல. இன்னொரு தடவ புகையக் குடிச்சா இதயம் நின்னுரும்."

"நான் இல்லன்னா பசங்க குழாய எந்தப் பக்கம் திருப்புறதுன்னு தெரியாம மேனேஜர் வீட்டுக்குத் தண்ணி அடிப்பானுங்க." இருமினான். "வெளிய எம் பொண்டாட்டி உங்கள ஏசுனாளா?"

"ஏசல. மூடச் சொன்னா."

"அவ சொல்றது நியாயம்தான். அவகிட்ட அப்படியே சொல்லுங்க." முழங்கையை ஊன்றி எழப் பார்த்தான். பிறகு சொன்னான்: "நான் முட்டாள் இல்ல டாக்டர். புகை சுருட்டிட்டு வர்றப்பவே தெரிஞ்சுரும். உடனே வாயையும் மூக்கையும் இறுக்கி மூடிக்கிட்டு, உள்ள இருக்கிற மூச்ச வெச்சே சமாளிப்பேன். கடைசியாத்தான் முடியாமப் போச்சு."

ஆமோஸின் விரல்கள் அவன் மணிக்கட்டிலேயே இருந்தன. ஆனால் நாடியை எண்ணுவது நின்றுவிட்டது.

கீழே குழாய் முனையில் உட்கார்ந்திருப்பவன் என்ன செய்வான்? காற்றின் சீறல் அடங்கினால் அவனும் பயப்படுவான். மேலே குழாய் உடைந்திருந்தால் அதன் வழியாகவே புகை உள்ளே வரும். அப்போது அவனும் வாயை மூடுவான். வால்வின் வாயை. தட்டிக்கொண்டிருக்க மாட்டான். காது வைத்துக் கேட்டதுதான் தப்பு.

எழுந்து ஓடினார். நாற்பத்தாறு வயதில் அவர் ஓடி ஊரில் யாரும் பார்த்ததில்லை. பின்னால் கொட்டகையில் மார்ட்டின் மெல்ல எழுந்து சட்டையை மாட்டியதை அவர் பார்க்கவில்லை.

"புரோபர்ட், காத்து எவ்வளவு இறுக்கமா இருக்குன்னு காட்டுற முள் எங்க?"

புரோபர்ட் சுவரில் இருந்த வட்ட முகத்தைக் காட்டினார். முள் எண்பதில் நின்றது.

"எந்திரத்த நிறுத்தினா அது என்ன ஆகும்?"

"குழாய் உடைஞ்சிருந்தா சரசரன்னு பூச்சியத்துக்கு இறங்கிரும். ஓட்டை தானா அடைபடாதே. வால்வு திறந்திருந்தாலும் இறங்கும், ஆனா மெதுவா." புரோபர்ட்டின் பேச்சு பாதியில் நின்றது. "டாக்டரே."

"யாராவது நடுவுல வால்வ மூடினா?"

"முள்ளும் நடுவுல நின்னுரும்" என்றார் புரோபர்ட். வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினார்.

லாக்வுட்டைக் கூட்டி வருவதற்குள் அரை மணி போய்விட்டது. "இன்னொரு தடவையா? போன தடவ நாலு நிமிசம் மூச்ச நிறுத்தினீங்க. இப்பவும் நிறுத்தினா, இருந்தவங்களும் போயிருவாங்களே" என்று அவரே கேட்டார். அந்தப் பயம் ஆமோஸுக்கும் இருந்தது. முதல்முறையே கொன்றிருக்கலாம். இப்போது முள் நிற்காமல் பூச்சியத்துக்கு இறங்கினால், அவர்கள் முன்பே செத்திருந்தார்களா, முதல்முறை எந்திரத்தை நிறுத்தியதால் செத்தார்களா என்பது தெரியப்போவதே இல்லை. கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதற்குப் பிறகும் அவர் இந்த ஊரில் இருந்தாக வேண்டும்.

"நிறுத்துங்க" என்றார்.

எந்திரம் நின்றது. ஆமோஸ் பைக்கடியாரத்தைத் திறந்து ஒரு கையில் வைத்துக்கொண்டார். முள் அசைந்தது. எழுபத்தெட்டு. எழுபத்து நாலு. நிதானமாக இறங்கியது. எழுபது. வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். யாரும் உள்ளே வரவில்லை. ஒரு நிமிடம். அறுபத்து மூன்று. ஒன்றரை. ஐம்பத்தெட்டு. முள் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம். ஐம்பத்து மூன்று. ஐம்பத்தொன்று.

ஐம்பத்தொன்று.

லாக்வுட் கிட்டே போய் முகத்தை வைத்துப் பார்த்தார். விரலால் கண்ணாடியைத் தட்டினார். முள் அசையவில்லை. கடியாரத்தில் அரை நிமிடம் ஓடியது. முக்கால். ஐம்பத்தொன்று.

"ஓட்டுங்க" என்றார் ஆமோஸ்.

புரோபர்ட் எந்திரத்தை ஓட்டினார். முள் ஏறியது. எண்பது. நிற்காமல் எண்பத்தைந்து, எண்பத்தொன்பது. காற்றுக்குப் போக வழியில்லை. அப்புறம் சட்டென்று ஒரு தயக்கம்; மெல்ல இறங்கி மறுபடி எண்பதில் வந்து நின்றது.

"திறந்துட்டான்" என்றார் புரோபர்ட். பக்கத்திலிருந்த நிலக்கரிப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். "எவனோ ஒருத்தன் திறந்துட்டான்."

தூரத்தில் நாலு மணி ரயில் ஊதியது. ஆமோஸ் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேனேஜரிடம் நீட்டினார். லாக்வுட் அதை வாங்கவில்லை. நேராக வாசலுக்குப் போய், "புளூபெல் ஐந்நூறடி மட்டத்திலேருந்து துளை போடுங்க. நடுவுல முப்பதடி பாறைதான். எல்லா ஆளையும் இறக்குங்க" என்று சொன்னார். பிறகு இன்னொன்றும் சொன்னார்: "கீகன் ஆளுங்ககிட்ட போய்ச் சொல்லுங்க. கீழ உயிர் இருக்கு. பாறை உடையுற வரைக்கும் தீயத் தாண்ட விடக்கூடாது."

வெளியே லவ்டே மண்ணில் மண்டியிட்டு அழுதாள். மார்ட்டின் கீகன் எப்போதோ புளூபெல்லுக்குள் இறங்கிவிட்டான் என்பது அப்போதுதான் ஆமோஸுக்குத் தெரிந்தது.

பொழுது சாய்வதற்குள் அவனைக் கொண்டுவந்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தானாம். களைப்பாற உட்கார்ந்திருக்கிறான் என்று பக்கத்தில் நின்றவன் நினைத்தானாம். ரயிலில் வந்த டாக்டரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அரை மணி நேரம் மாற்றி மாற்றி நெஞ்சை அழுத்தினார். பலன் இல்லை. முகம் சிவந்தே இருந்தது.

கீகனின் ஆட்கள் தீயைத் தாண்ட விடவில்லை. அவன் இடத்தில் வேறொருவன் நின்றான். பாறையை உடைக்க மறுநாள் இருட்டும்வரை ஆயிற்று.

ஐவரில் மூன்று பேர் உயிரோடு வந்தார்கள். தார்ப்பாயையும் சேற்றையும் வைத்து ஒரு மூலையை அடைத்துக்கொண்டு, குழாய் முனையைச் சுற்றி முகத்தோடு முகம் ஒட்டிக் கிடந்திருந்தார்கள். மற்ற இருவர், மேஸ்திரியும் ஜோசய்யா ட்ரெகியரும், செவ்வாய்க்கிழமை காலையே செத்துப்போயிருந்தார்கள். ஏணிவழியாக மேலே ஏறிப் பார்க்கப் போன இடத்தில் புகை பிடித்துக்கொண்டது. வால்வை மூடித் திறந்தது ஒஸ்கரி என்ற பின்லாந்துக்காரன். ஊருக்கு வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அந்த மூவருக்காகவும் குழிவாயில் காத்திருந்தவர்கள் ஒருவரும் இல்லை. ஒருத்தருக்கும் ஊரில் குடும்பம் கிடையாது.

லவ்டே கணவனின் உடலைப் பார்த்தாள். ஆமோஸிடம் வந்து, "செவ்வாய்க்கிழமையா?" என்று மட்டும் கேட்டாள். "ஆமாம்மா" என்றார். தலையசைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை காலை, இரும்புக் கடைக்கு மேல் இருந்த தன் அறையில் ஆமோஸ் இறப்புச் சான்றிதழ்களை எழுதிக்கொண்டிருந்தார். ஹனோரா கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். கறுப்பு உடை இரவல் வாங்கியது, தோளில் தொளதொளத்தது. உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"அவருக்கு என்ன எழுதியிருக்கீங்க?"

"புகை வாயு மூச்சுல ஏறி இறந்தார்னு."

"அவ்வளவுதானா?"

"இதுல ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கு ஹனோரா."

"பின் பக்கம் காலியாத்தான இருக்கு. நடந்தத எழுதுங்க."

அவர் காகிதத்தைத் திருப்பினார். பேனாவை மையில் தோய்த்து வெகுநேரம் எழுதினார். அவள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. வாசிங்க."

ஆமோஸ் வாசித்தார். "மார்ட்டின் கீகன், வயது முப்பத்து நான்கு. புதன்கிழமை மதியம் குழிவாயை மூடச் சொல்லி என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். நான் மறுத்தேன். அன்று மாலை, இனி இறங்கக்கூடாது என்று நான் தடுத்தும் இவர் இறங்கி, தீயை எதிர்த்து நின்றபோது இறந்தார். மதியமே மூடியிருந்தால் இவர் உயிரோடு இருந்திருப்பார். ஆமோஸ் ஷெங்க், டாக்டர்."

கீழே கடையில் யாரோ ஆணிகளைத் தராசில் கொட்டும் சத்தம் கேட்டது.

"கடைசில சொன்னத இன்னொரு தடவ வாசிங்க."

வாசித்தார்.

"ம்" என்றாள். "அந்த மூணு பேரோட பேரையும் எழுதுங்க. மூடியிருந்தா அவங்க செத்திருப்பாங்கன்னும் எழுதுங்க. ரெண்டும்தான நடந்துச்சு."

அவர் எழுதினார். ஒஸ்கரி லெஹ்டோ. டாம் ரோஸ்வேர். பியேத்ரோ பிகோ. எழுதி முடித்ததும் மை உலர ஊதினார். அவள் வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அந்தப் பின்லாந்துக்காரன் சாப்பிடுறானா?"

"இன்னிக்குத்தான் கொஞ்சம் சூப்பு இறங்குச்சு. பேச்சு இன்னும் சரியா வரல."

"தனியாவா கிடக்கான்?"

"கொட்டகைலதான். பாத்துக்க ஆள் இல்ல."

ஹனோரா காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "நான் போய்ப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.